முகடு ஒன்று, ஆறு இரண்டு

சூரியநெல்லியில் ஜீப் ஏறிக் கொழுக்குமலைக்குப் போகிறவர்களில் பலருக்கு, வழியில் எந்த இடத்தில் மாநிலம் மாறுகிறது என்பது தெரியாது. ஏறுகிற இடம் கேரளத்தில், இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் ஊராட்சி. சூரிய உதயம் பார்க்க நிற்கிற உச்சி தமிழ்நாட்டில், தேனி மாவட்டம். அந்த முகட்டின் மேற்குச் சரிவில் பெய்கிற மழை ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தில் இறங்கி, பன்னியாறாக ஓடி, முதிரப்புழையில் சேர்ந்து, பெரியாற்றில் கலந்து ஆலுவா வரைக்கும் போகிறது. கொச்சி நகரம் குடிப்பது அந்தப் பெரியாற்றுத் தண்ணீரைத்தான். கிழக்குச் சரிவில் பெய்வது குரங்கணி வழியாகக் கொட்டகுடி ஆறாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கி வைகையில் சேர்கிறது. வார இறுதியில் நண்பர்களோடு இங்கே வருகிறவர் இரண்டு மாநிலத்துக் குடிநீரின் தலைமாட்டில் நிற்கிறார்.

இரண்டு வனத்துறை, இரண்டு காவல்துறை, இரண்டு விதமான அனுமதி, இவற்றுக்கு நடுவிலும் நிற்கிறார். ஏதாவது நடக்கும்வரை இது யாருக்கும் உறைப்பதில்லை.

2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும், ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழுவும் குரங்கணியிலிருந்து ஏறிக் கொழுக்குமலையில் தங்கினார்கள். மொத்தம் 36 பேர். மறுநாள் ஞாயிறன்று இறங்கும்போது காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் புல் சருகாகக் காய்ந்து நிற்கும். பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வீசும். சரிவில் ஏறுகிற தீயை மனிதக் கால் முந்த முடியாது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இளைஞர்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

அந்த விபத்தில் என்னை இன்றுவரை உறுத்துவது அனுமதிச் சீட்டு. வந்தவர்கள் குரங்கணியில் பணம் கட்டிச் சீட்டு வாங்கியிருந்தார்கள். அந்தச் சீட்டு டாப் ஸ்டேஷன் பாதைக்கு மட்டும்தான், கொழுக்குமலைப் பாதைக்கு அனுமதியே கிடையாது என்று அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். ஏற்பாட்டாளருக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? 'பெர்மிஷன் எல்லாம் வாங்கியாச்சு' என்று ஒருவர் சொன்னால் நாம் நம்பிவிடுகிறோம். எந்தப் பாதைக்கு, எந்தத் தேதிக்கு, எத்தனை பேருக்கு, யார் கையெழுத்து என்று கேட்பதில்லை. கேளுங்கள். தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பணம் கட்டுகிறவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு. காட்டத் தயங்குகிறவரோடு மலை ஏறாதீர்கள்.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு 2018-இலேயே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. வனப்பகுதியில் மலையேற வனத்துறையின் முன் அனுமதி கட்டாயம். 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 40 பாதைகளை வனத்துறையே இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. குரங்கணி–சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்று உடன் வருகிறார்கள். 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, தீ பிடிக்கும் காலம் என்று இந்தப் பாதைகளை மூடினார்கள். அந்த மாதங்களில் ஒருவர் 'நமக்குத் தெரிஞ்ச குறுக்கு வழி இருக்கு' என்று அழைத்தால், அவர் உங்களைக் குற்றத்துக்கும் ஆபத்துக்கும் சேர்த்தே அழைக்கிறார்.

கேரளப் பக்கம் நிலத்தின் தன்மை அடிக்கு அடி மாறும். இந்தத் தேயிலைச் சரிவு ஒரு எஸ்டேட்; அடுத்தது வருவாய் நிலம்; ஓடைக்கு அப்பால் காப்புக்காடு. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1961-ஆம் ஆண்டு கேரள வனச் சட்டப்படி குற்றம். பூப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் மதிகெட்டான் சோலை 2003 முதல் தேசியப் பூங்கா. பன்னியாற்றின் கிளைகள் சில அங்கேதான் பிறக்கின்றன. அங்கே 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நேரடியாகப் பொருந்தும். கூகுள் மேப் ஒரு ஒற்றையடிப் பாதையைக் காட்டுவதால் அது நடக்க அனுமதித்த பாதை ஆகிவிடாது.

யானை விஷயம் தனி. சின்னக்கானலை நாடறியச் செய்தது அரிக்கொம்பன். அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அந்த ஆண்யானையை 2023 ஏப்ரல் 29 அன்று இங்கே மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது கம்பம் ஊருக்குள் வந்து, ஜூன் மாதம் மறுபடி பிடிபட்டு, தெற்கே முண்டந்துறைப் பக்கம் போனது. அது போய்விட்டதால் சின்னக்கானலில் யானை இல்லை என்று நினைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற யானைகள் இங்கேதான் இருக்கின்றன. நீர்த்தேக்கத்தை நீந்திக் கடக்கின்றன, தேயிலைக்குள் நிற்கின்றன. மாலை மங்கிய பிறகு தோட்டத் தொழிலாளர் லயத்துப் பக்கம் நடக்கும்போது அங்கே குடியிருக்கிற ஒரு அம்மா, 'ஆனை நிக்குது தம்பி, அந்தப் பக்கம் போகாதீங்க' என்று சொன்னால் அதற்கு மேல் எந்த அறிவிப்பும் தேவையில்லை. செல்போன் வெளிச்சத்தில் படமெடுக்க முன்னேறுகிறவரால் விரட்டப்படுகிற யானை, அன்று இரவு அந்த அம்மாவின் வீட்டுப் பக்கம்தான் திரும்பும்.

இனி தண்ணீர். அணைத் தேக்கத்தில் துடுப்புப் போடுவது பார்க்க எளிது, அதனால்தான் அலட்சியம் வருகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று இதே இடுக்கி மாவட்டத்தில், தேக்கடியில், 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் இன்னொரு படகு, 22 பேர். இரண்டிலும் பயணிகள் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை என்பதுதான் மறுநாள் முதல் பேச்சாக இருந்தது. படகில் கிடக்கிற ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. கயாக்கோ பரிசலோ, ஏறுவதற்கு முன்பே போட்டு, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, வார்களை இழுத்து இறுக்குங்கள். பிறகு நண்பரை உங்கள் தோள்பட்டைப் பக்கம் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அது தாடைக்கு மேல் ஏறினால் தளர்வாக இருக்கிறது. தண்ணீரில் உங்களை விட்டுவிட்டு அது மட்டும் மிதக்கும். கொக்கி உடைந்திருந்தாலோ, உள்ளே நுரை கட்டிகட்டியாக நொறுங்கியிருந்தாலோ வேறு கேளுங்கள். இல்லை என்றால் இறங்கிவிடுங்கள், கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

ஆனையிறங்கலில் படகு விடலாமா என்பது யானைகளின் பொருட்டு 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் வரை போன விஷயம். ஆகவே அங்கே யாராவது தனியாகப் படகு தருகிறேன் என்றால், யாருடைய அனுமதியோடு என்பதே முதல் கேள்வி. அணைகளுக்குக் கீழே உள்ள ஆற்றுப் பாறைகளில் குளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பன்னியாற்றில் ஆனையிறங்கலுக்குக் கீழே பொன்முடி அணை இருக்கிறது. மழைக்காலத்தில் அணைகளுக்கு நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுவார்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால், துணியைத் தேடாமல் கரையேறுங்கள். ஆபத்தென்றால் இரு மாநிலத்திலும் 112. எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். கைபேசி எல்லைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைப் பிடித்திருந்தால் அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும்.

காசு கொடுத்து வாங்கிய பயணம் ஒரு சேவை. வழிகாட்டி வராமல் போனால், சொன்ன பாதைக்கு அனுமதி இல்லை என்று தெரிந்தால், பாதுகாப்புக் கருவி இல்லாமல் தண்ணீரில் இறக்கினால், அது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பெரிய வசதி என்னவென்றால், இடுக்கியில் நடந்ததற்கு மதுரைக்காரர் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய எண்ணில் முறையிடலாம். பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரப் படம் ஆகியவற்றை அழிக்காமல் வையுங்கள். 'உயிருக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்களே என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அந்தக் கையெழுத்து அலட்சியத்துக்குக் கொடுத்த உரிமம் அல்ல. அலட்சியத்தால் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் குற்ற வழக்கும் உண்டு.

உரிமை இப்படி என்றால், கீழே தண்ணீர் குடிக்கிறவருக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பெரியகானல் பக்கத்து ஓடை ஒன்றில், பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரைக் கவனியுங்கள். ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் ஷாம்பு சாஷே, நூடுல்ஸ் உறை, சுருண்ட ஈரத்தாள். நுரை ஒரு விரற்கடை அளவுக்கு வட்டமாகச் சுழலும். நாலு பேர் குளித்துவிட்டுப் போன மிச்சம் அது. அந்தக் குழி மழையில் வழியும். அடுத்த நாள் அது நீர்த்தேக்கத்தில். சோப்பை ஓடைக்குள் கொண்டுபோகாதீர்கள். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளிப் போய்ச் சாண் ஆழம் குழி தோண்டி மூடுங்கள். மிஞ்சிய சோற்றைக்கூட விட்டுவராதீர்கள். மூணாறில் 'படையப்பா' என்று பேர்பெற்ற யானை குப்பைக் கிடங்கில் மேய்ந்ததை எல்லோரும் பார்த்தோம்.

ஆனால் பயணியின் சாஷேயைவிடப் பெரிய கேடு, கழிவுநீரை ராத்திரியில் ஓடைக்குத் திறந்துவிடும் விடுதிதான் என்று நான் நினைக்கிறேன். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு நீரோடையில் கழிவு சேர்ப்பதைத் தடுக்கிறது. விடுதியறைக் கட்டணம் கட்டும்போதே, 'உங்க கழிவுநீர் எங்க போகுது?' என்று கேட்டுப் பாருங்கள். பத்து விருந்தினர்கள் தொடர்ந்து கேட்டால் முதலாளிக்கு உறைக்கும். கண்ணால் பார்த்தால் குழாய் வாயையும் ஓடையையும் ஒரே சட்டகத்தில், இடமும் நேரமும் பதிவாகும்படி படமெடுங்கள். கேரளத்தில் குப்பை கொட்டுவதைத் தெரிவிக்க மாநிலம் முழுவதற்கும் ஒரே வாட்ஸ்அப் எண் உண்டு: 94467 00800. விடுதியின் கழிவுநீர் என்றால் ஊராட்சிச் செயலாளருக்கும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் கொடுங்கள். அந்த விடுதிக்கு வாரியத்தின் இசைவு இருக்கிறதா, கடைசியாக எப்போது தண்ணீர் சோதித்தார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மலையாளம் எழுதத் தெரியாதே என்று சின்னக்கானல் தோட்டத் தொழிலாளர்கள் தயங்க வேண்டியதில்லை. 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதி அரசு அலுவலகங்களோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள இடம் தருகிறது. மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டாம், பதிலும் தமிழில் வர வேண்டும். பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இன்னும் வலுவான ஆயுதம் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தை அதன் 5-ஆம் பிரிவு உரிமைதாரர்களுக்கும் கிராம சபைக்கும் தருகிறது.

மக்கள் சேர்ந்து ஓர் ஆற்றைக் காப்பது நடக்கக்கூடியதா என்றால், வட கேரளத்தின் சாலியாற்றைப் பாருங்கள். மாவூரில் 1963-இல் உற்பத்தி தொடங்கிய கிராசிம் மரக்கூழ் ஆலையின் கழிவு அந்த ஆற்றைக் கறுப்பாக்கியது. வாழக்காடு ஊராட்சித் தலைவர் கே.ஏ. ரஹ்மான் மக்களைத் திரட்டிப் பல ஆண்டுகள் போராடினார். 1999 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். ஆலை 2001-இல் மூடப்பட்டது. இன்று அதே ஆற்றில் ஆண்டுதோறும் நிலம்பூரிலிருந்து பேப்பூர் வரை 68 கிலோமீட்டர், மூன்று நாள், கயாக்கிலும் துடுப்புப் பலகையிலும் நண்பர் குழுக்கள் போகின்றன. போகிற வழியில் மிதக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சேர்க்கிறார்கள். ரஹ்மான் போன்றவர்கள் இல்லாவிட்டால் துடுப்புப் போட அங்கே ஆறு இருந்திருக்காது. துடுப்புப் போடுகிறவர்கள் இல்லாவிட்டால், வளைவுக்கு அப்பால் கரையில் யார் எதைக் கொட்டுகிறார்கள் என்று பார்க்க ஆளிருக்காது.

எழுதிக் கொடுத்தும் ஊராட்சியும் வாரியமும் அசையவில்லை என்றால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கேரளமும் தமிழ்நாடும் அதன் எல்லைக்குள்தான், ஆகவே போடிக்காரரும் சூரியநெல்லிக்காரரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். கேடு நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். சித்திரை விடுமுறைக்கு வந்தவர் எடுத்த படத்தை ஐப்பசியில் தேடினால் காலம் ஏறக்குறைய கடந்திருக்கும். ஊர் திரும்பிய வாரத்திலேயே புகாரை அனுப்பிவிடுங்கள்.