ரோஜாக் கல்லின் நிறம் யாருடையது?

ராசிக்கல் கடைகளில் 'ரோஸ் குவார்ட்ஸ்' என்று விற்கும் இளஞ்சிவப்புக் கல்லும், நம் வீட்டு ஸ்படிக மாலையும் அடிப்படையில் ஒரே பொருள்தான்: சிலிக்கான் டை ஆக்சைடு. ஸ்படிகம் தெளிந்திருக்க, இது மட்டும் ஏன் சிவந்து, லேசாகப் பால் படர்ந்தாற்போல் இருக்கிறது?

இரும்பு, டைட்டானியம், மாங்கனீசு என்று நெடுங்காலம் பல காரணங்கள் சொல்லப்பட்டன. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜூலியா கோரேவா, சீ மா, ஜார்ஜ் ரோஸ்மன் மூவரும் கல்லையே கரைத்துப் பார்த்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் குவார்ட்ஸ் கரைந்துபோனது. இளஞ்சிவப்பு இழைகள் மட்டும் எஞ்சின. தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிந்த அந்த இழைகள், டுமார்ட்டியரைட் என்ற கனிமத்துக்கு நெருங்கியவை. அவற்றில் இருக்கும் இரும்பும் டைட்டானியமும்தான் நிறம் தருகின்றன. பழைய ஊகம் பாதி சரி. ஆனால் அந்தச் சிவப்பு குவார்ட்ஸுடையதே அல்ல!

இழைகள் தாறுமாறாகக் கிடப்பதில்லை, படிகத்தின் அமைப்பை ஒட்டிக் குறிப்பிட்ட திசைகளில் அணிவகுக்கின்றன. அதனால், நல்ல கல்லை உருண்டையாக இழைத்து டார்ச் அடித்தால் ஆறு கதிர் நட்சத்திரம் ஒன்று மிதக்கும். எனக்கு இந்தக் கல்லில் மிகவும் பிடித்தது இதுதான்.

'காதலைக் கூட்டும், மனக்காயம் ஆற்றும்' என்றும் இதை விற்கிறார்கள். லண்டன் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச், அசல் குவார்ட்ஸையும் போலியையும் 80 பேரிடம் கொடுத்துச் சோதித்தார். போலியை வைத்திருந்தவர்களும் அதே கதகதப்பையும் கூச்சத்தையும் உணர்ந்ததாகச் சொன்னார்கள். அழகுக்காக வாங்குங்கள், மருந்துக்கு மாற்றாக வேண்டாம்.

மோஸ் அளவில் இதன் கடினம் 7. நீலக்கல்லுக்கு 9 என்பதால், இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டால் இதில்தான் கீறல் விழும். தெருப்புழுதியிலும் குவார்ட்ஸ் துகள் உண்டு. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசுங்கள். நீராவி வேண்டாம். நகையைப் பற்றவைக்கக் கொடுத்தால், முதலில் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். திடீர்ச் சூட்டில் உள்ளுக்குள் விரிசல் ஓடிவிடும்.