இருபத்தேழே வயதில் ஓய்ந்த ராஜபார்ட்

சிங்கப்பூருக்கு உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் தேக்காவில் சாமான் வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலை வழியே பெருமாள் கோயில் வரை நடந்திருப்பீர்கள். அதற்குச் சற்றுத் தள்ளி, கிச்சனர் சாலைப் பக்கம், 'நியூ வோர்ல்டு' கேளிக்கைப் பூங்காவின் பழைய வாசல் இன்றும் நிற்கிறது. 1923-ல் திறந்து 1987-ல் மூடிய இடம் அது. பங்சாவான் என்னும் மலாய் இசை நாடகங்கள் அங்கே நடந்தன. அவற்றின் கதாநாயகனுக்கு 'ஓராங் மூடா' என்று பெயர். நம் தமிழ் மேடையில் அவனே 'ராஜபார்ட்'! பார்சி நாடகக் கம்பெனிகளின் திரைச்சீலையும் பாட்டும் இரண்டு மேடைகளிலுமே படிந்தவைதான்.

ராஜபார்ட் என்றால் சும்மாவா? அந்தக் காலத்தில் ஒலிபெருக்கி கிடையாது. விடிய விடிய நாடகம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஏழைக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஹார்மோனியத்துக்கும் மேலே குரல் எழும்ப வேண்டும். அப்படி எழுந்த குரல்களில் தலையானது செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரல்.

1906-ல் பிறந்தவர். ஏழைக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டிய வயதில், அண்ணன்மாரோடு மேடை ஏறினார். கன்னையாவின் நாடகக் கம்பெனியில் 'தசாவதாரம்' நாடகம் அவர் புகழை ஊரெங்கும் பரப்பியது.

1926-ல் இலங்கைக்குப் போனார். அங்கே கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் நடித்துக்கொண்டிருந்தார். இவருக்கு ஈடாக அந்தப் பெண்ணால் பாடி நிற்க முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்களாம். நின்றார்! 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவரும் போட்டி போட்டுப் பாட, கொட்டகைகள் நிரம்பின. 1927-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

மேடையில் சேர்ந்து ஒலித்த குரல்கள் வீட்டில் அப்படி ஒலிக்கவில்லை. மனத்தாங்கல் வந்தது, பிரிவும் வந்தது. இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் பயணம் என்ற நாடகக்காரர் வாழ்க்கையில் நோயும் சேர்ந்துகொண்டது. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் கிட்டப்பா கண்ணை மூடினார். வயது இருபத்தேழுதான். தமிழில் பேசும் படம் வந்து இரண்டே ஆண்டுகள். ஒரு படத்திலும் அவர் நடிக்கவில்லை. மிஞ்சியவை இசைத்தட்டுகள்தாம்.

இருபத்தைந்து வயதில் தனித்து நின்ற சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935-ல் 'நந்தனார்' படத்தில் நடிக்க அழைத்தபோது, நந்தனாராக ஆண் வேடத்தையே தாங்கினார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம்! சிதம்பரம் போக ஒரு நாள் விடுமுறைக்காக ஆண்டையிடம் கெஞ்சிய பண்ணையாள் அல்லவா நந்தனார்? தோட்டத்தில் துரையிடம் லீவு கேட்டு நின்ற நம் பாட்டன் பாட்டிகளுக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு 1953-ல் 'ஔவையார்', 1965-ல் 'திருவிளையாடல்', 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறையும் வரை, 46 ஆண்டுகளுக்கு மேல், அந்த வெள்ளைப் புடவை மாறவே இல்லை.

வாசகர்களே! கிட்டப்பாவின் பாட்டை இன்று கைப்பேசியிலேயே கேட்கலாம். இசைத்தட்டின் கரகரப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் கரகரப்பு மறந்து குரல் மட்டும் நிற்கும்.

உங்கள் வீட்டிலும் கோயில் திருவிழா மேடையில் பாடும் பிள்ளை இருக்கலாம். கைதட்டுங்கள், பரிசும் கொடுங்கள். கூடவே, "சாப்பிட்டாயா? தூங்கினாயா?" என்றும் கேளுங்கள். 'இன்னொரு பாட்டு, இன்னொரு பாட்டு' என்று கேட்க ஆயிரம் பேர் இருப்பார்கள். இதைக் கேட்க வீட்டார்தான் இருக்கிறார்கள்.