பிள்ளைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது?

சம்பள நாளில் டவுனுக்குப் போகும் அம்மாமாரும் அப்பாமாரும் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று வாங்காமல் திரும்புவதில்லை. சிலர் புத்தகமும் வாங்கி வருகிறார்கள். இது நல்ல பழக்கம். ஆனால் லயங்களுக்குப் போய்ப் பார்க்கும்போது, அந்தப் புத்தகம் அநேகமாக அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. கேட்டால், "கிழிச்சிப்புடுவான் ஐயா, பெரிய வகுப்புக்குப் போனதும் குடுப்போம்" என்கிறார்கள்.

இன்னும் சில வீடுகளில் நாலு வயதுப் பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் வாங்கி வைத்திருக்கிறார்கள். பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆசையில் செய்வதுதான். ஆனால் விளங்காத புத்தகத்தை வைத்து அதட்டினால், பிள்ளைக்குப் புத்தகம் என்றாலே பயம் வந்துவிடும். முதலாம் வகுப்புக்குப் போகும்போது புத்தகத்தைச் சிநேகிதனாக நினைத்துப் போகிற பிள்ளைக்கும், அடி வாங்கித் தருகிற சாமானாக நினைத்துப் போகிற பிள்ளைக்கும் படிப்பில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

"எங்களுக்கே எழுத்து வராதுங்க, நாங்க எப்படிப் பார்த்து வாங்குறது?" என்று பல தாய்மார் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளையின் புத்தகத்தைத் தெரிவு செய்ய எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கண் இருந்தால் போதும். அது எப்படி என்று இங்கே சொல்கிறோம்.

எழுத்தை மறைத்துப் பாருங்கள்

நல்ல படப் புத்தகத்தில் பாதிக் கதையைப் படமே சொல்லிவிடும். கடையில் புத்தகத்தை எடுத்து, எழுத்து உள்ள இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நாலைந்து பக்கத்தைப் புரட்டுங்கள். யார் வருகிறார், என்ன செய்கிறார், அடுத்து என்ன ஆகிறது என்று உங்களுக்கு விளங்குகிறதா? விளங்கினால் பிள்ளைக்கும் விளங்கும். ஒவ்வொரு பக்கத்திலும் சம்பந்தமில்லாத பூவும் பொம்மையும் இருந்தால், பளபளப்பாக இருந்தாலும் அதை வைத்துவிடுங்கள்.

நமது நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. காலஞ்சென்ற சிபில் வெத்தசிங்க அம்மையார் சிங்களத்தில் எழுதிப் படமும் வரைந்த 'குட ஹொரா', அதாவது 'குடைத் திருடன்', 1956இல் புத்தகமாக வந்தது. குடையையே கண்டிராத ஒரு கிராமம். அங்கே உள்ள கிரி மாமா டவுனுக்குப் போய்க் குடை வாங்கி வருகிறார். வழியில் அது களவு போகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் களவு போகிறது. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை சிந்திய வழியே போய்ப் பார்த்தால் குடைகள் மரத்தில் தொங்குகின்றன. களவெடுத்தது ஒரு குரங்கு! எழுத்து தெரியாத பிள்ளைகூட படத்தைப் பார்த்து இந்தக் கதையைத் தொடர்ந்து போகலாம். ஒரே சங்கதி திரும்பத் திரும்ப நடப்பதால், "இப்பவும் களவு போகப் போகுது" என்று பிள்ளை தானே முந்திக்கொண்டு சொல்லும். அப்படிச் சொல்ல வைக்கும் புத்தகம்தான் நல்ல புத்தகம்.

வயதுக்கு ஏற்றபடி

1. இரண்டு வயது வரை: தடித்த மட்டையில் செய்த புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம் போதும். பூனை, கோப்பை, பந்து, செருப்பு என்று பிள்ளை தினமும் காண்கிற பொருளாக இருக்கட்டும். பிள்ளை கடிக்கும், தட்டும். அதுவும் படிப்புதான்.

2. மூன்று முதல் ஐந்து வயது வரை: சிறுகதை உள்ள படப் புத்தகம். பக்கத்துக்கு ஓரிரு வரி. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் பிள்ளை மனப்பாடமாகச் சேர்ந்து சொல்லும்.

3. ஆறு முதல் எட்டு வயது வரை: பிள்ளை தானாக எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயது. எழுத்து பெரிதாகவும் வரிகளுக்கு நடுவே இடைவெளி உள்ளதாகவும் இருக்கவேண்டும். ஒரு பக்கத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். தடுக்கி நிற்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கஷ்டம். அதை அண்ணனோ அக்காவோ வாசித்துக் காட்டட்டும்.

கதை பிடிக்காத பிள்ளைகள்

சில பிள்ளைகளுக்குக் கதை பிடிக்காது. "அட்டை ஏன் ரத்தம் குடிக்குது? லொறி எப்படி மலை ஏறுது? மழை எங்கிருந்து வருது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு உண்மைத் தகவல் சொல்லும் புத்தகம் வேண்டும். உலகத்தில் உள்ளதையெல்லாம் ஒரே புத்தகத்தில் அடைத்ததைவிட, தவளை, ரயில், பறவை என்று ஒரே விஷயத்தைச் சொல்லும் சின்னப் புத்தகம் நல்லது. இதை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. பிடித்த படத்தில் தொடங்கலாம்.

தகவல் புத்தகத்தில் மூன்று சங்கதி பாருங்கள். எழுத்து தெரியாதவர்கள் பாடசாலைப் பிள்ளையையோ கடைக்காரரையோ கேட்டுக்கொள்ளலாம்.

படமும் பெயரும் சரிதானா? உடம்பில் கோடு உள்ளது புலி. புள்ளி உள்ளது சிறுத்தை. இலங்கைக் காடுகளில் புலி இல்லை. நமது தேயிலை மலைகளுக்குப் பக்கத்தில் நடமாடுவது சிறுத்தை. சிறுத்தைப் படத்தைப் போட்டுப் புலி என்று எழுதிய புத்தகம் மற்றதையும் எப்படிச் சொல்லியிருக்கும் என்று யோசியுங்கள்.

எந்த ஆண்டில் அச்சிட்டது? சூரியனைச் சுற்றும் கோள்கள் ஒன்பது என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 2006இல் விஞ்ஞானிகள் புளூட்டோவை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டுதான்.

பொருளின் அளவு விளங்குகிறதா? யானையும் எறும்பும் ஒரே அளவில் இருந்தால் பிள்ளைக்குக் குழப்பம். பக்கத்தில் ஒரு மனிதனோ ஒரு கையோ இருந்தால் அளவு புரியும்.

எங்கே கிடைக்கும்?

காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும் என்றில்லை. நகர சபை, பிரதேச சபைகளின் பொது நூலகங்களில் சிறுவர் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். ஒரு முறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அங்கத்துவம் பற்றி விசாரியுங்கள். ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். பிள்ளையோடு நூலகத்துக்குப் போய்ப் பழக அது நல்ல தருணம்.

கையில் ஸ்மார்ட் போன் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' என்ற இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் பார்க்கலாம். இந்தியப் புத்தகங்களில் 'மிதிவண்டி' என்று இருக்கும், நமது பாடப் புத்தகத்தில் 'துவிச்சக்கரவண்டி' என்று இருக்கும். நீங்கள் சைக்கிள் என்றே சொல்லிக் கொடுங்கள். பிள்ளைக்கு மூன்று சொல்லும் கிடைத்ததாக இருக்கட்டும்.

வாங்கிய பிறகு

மலையிலிருந்து வந்து, குளித்து, அடுப்பு மூட்டி, அலுப்போடு இருப்பீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பத்து நிமிடம் போதும். பிள்ளையை மடியில் வைத்துப் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள். "இவன் ஏன் அழுவுறான்? இனி என்னா நடக்கும்?" என்று கேளுங்கள். எழுத்து தெரியாத பாட்டியும் தாத்தாவும் படத்தைப் பார்த்துத் தங்கள் சொந்தக் கதையையே சொல்லலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளை அதே புத்தகத்தைப் பத்தாம் தடவை கொண்டு வந்தாலும் சலிக்காதீர்கள். அந்தப் புத்தகம் சரியான தெரிவு என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

நமது மலைக் குளிரிலும் மழையிலும் புத்தகத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். ஈரச் சுவரில் ஒட்டாமல், அடுப்புப் புகை படாமல், ஒரு பிஸ்கட் பெட்டியில் போட்டுத் தரையிலிருந்து சற்று உயரத்தில், பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். கிழிந்தால் கோதுமை மாப் பசையால் ஒட்டலாம். கிழிந்த புத்தகம் பிள்ளை கையில் இருந்த புத்தகம். அலுமாரிக்கு மேலே புதிதாகவே இருக்கும் புத்தகத்தால் யாருக்கும் பிரயோசனமில்லை.

எதை வாங்குவது என்று சந்தேகம் இருந்தால் உங்கள் தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலைய உத்தியோகத்தரைக் கேளுங்கள். பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகும் அவசரத்தில் முடியாவிட்டால், மாலையில் கூட்டிப்போக வரும்போது ஒரு வார்த்தை பேசுங்கள். வருகிற சம்பளத்துக்கு டவுனுக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிப் போய், இரண்டு புத்தகத்தைக் காட்டி, "எது வேணும்?" என்று கேளுங்கள். பிள்ளை கை நீட்டுகிறதை வாங்குங்கள்.