பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஹெட்லைட் மங்குதா? பேட்டரியைத் திட்டாதீங்க, பழைய ரிப்பேரைத் தேடுங்க!

'லூம்'னு சொன்னா அம்மையார்குப்பத்தில் சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும், அது தறி. திருத்தணி பக்கம் இருக்கிற இந்த விசைத்தறி ஊரில் அந்தச் சத்தம்தான் அலாரம். ஆனால், பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்கு லூம் என்றால் வேறு அர்த்தம். காருக்குள் ஓடும் மொத்த வயர் கட்டுக்கும் அதுதான் பெயர். பொருத்தமான பெயர்தான். அந்தக் காலத்தில் இந்த வயர் கட்டுகளின் மேல் உறையைப் பருத்தி நூலால்தான் பின்னினார்கள்.

தறியில் ஒரு இழை அறுந்தா, சரியான இடத்தில் சரியாகப் பிணைக்கணும். ஏனோதானோன்னு முடிச்சுப் போட்டா துணியில் தெரிஞ்சிடும். காரில் அப்படிப் போட்ட முடிச்சு வெளியே தெரியாது. இருபது வருஷம் கழிச்சு, ராத்திரி திருப்பதி ரோட்டில் போகும்போது லைட் அணைஞ்சாதான் தெரியும்.

சென்னைக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே இருக்கு. 1961-லிருந்து சென்னையில் தயாரான 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஞாபகம் இருக்கா? இத்தாலிய டிசைனர் ஜியோவானி மிச்செலோட்டி வரைந்த கார் அது. அதே ஹெரால்டின் சேஸியைக் கொஞ்சம் குட்டையாக்கி, 1962-ல் இங்கிலாந்தில் வந்த டூ சீட்டர்தான் 'ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர்'. அதனால், ஹெரால்டு ரிப்பேர் பார்த்த மெக்கானிக்கிடம் ஸ்பிட்ஃபயரைக் கொடுத்தாலும் பெரிதாக முழிக்க மாட்டார். இந்த கார்களில் பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டு. அப்படியே முன்பக்கமாகச் சாய்த்துத் திறக்கணும். ஹெட்லைட்டும் அதிலேயே இருப்பதால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அந்த வயர்கள் மடங்கி நிமிரும். வருஷக்கணக்கில் இப்படி நடந்தா வயர் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும்.

நம்ம நாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றும் உண்டு. 1990-களின் இறுதியில் கோவாவில் தயாரான 'சான் ஸ்டார்ம்'. ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜின், ஃபைபர் பாடி. இரும்பு பாடி என்றால் பாடியே எர்த்தாக வேலை செய்யும். ஃபைபரில் கரன்ட் ஓடாது. ஒவ்வொரு லைட்டுக்கும் தனியாக எர்த் வயர் இழுத்தே ஆகணும். இது தெரியாமல் யாராவது புது லைட் மாட்டியிருந்தால், அங்கேதான் தலைவலி ஆரம்பம்.

'இப்போதைக்கு ஓடும் சார்!'

பழைய கார்களில் அதிகம் சிக்குவது வயதான வயர் இல்லை. 'இப்போதைக்கு ஓடும்'னு செய்த ரிப்பேர்தான். வயரை முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுத்தியிருப்பாங்க. நம்ம ஊர் வெயிலோடு இன்ஜின் சூடும் சேர்ந்தால், டேப்பின் பசை உருகி, சுற்று அவிழ்ந்துவிடும். உள்ளே செம்பு பச்சை பிடித்துப் போயிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 55 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அந்த வழியில் ஒரு மோசமான ஜாயின்ட் வெறும் 0.1 ஓம் தடை கொடுத்தாலே 0.9 வோல்ட் அங்கேயே போயிடும். வெளிச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கு காலி. அது மட்டுமல்ல, அந்த ஒரே புள்ளியில் 8 வாட் சூடு உண்டாகும். ஒரு குட்டி சால்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு, பெட்ரோல் ஹோஸுக்குப் பக்கத்தில்! இதை யாரும் சாதாரணமாக விடக் கூடாது.

வெளிச்சம் பத்தலைன்னு 100/90 வாட் பல்பு மாட்டுவது அடுத்த தப்பு. பழைய சுவிட்சும் மெல்லிய வயரும் அந்த 15 ஆம்பியரைத் தாங்காது. பல கார்களில் ஹெட்லைட் சர்க்யூட்டுக்கு ஃபியூஸே கிடையாது என்பதையும் சேர்த்து யோசிங்க.

கலரைப் படிங்க!

லூகாஸ் வயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களில் கலர்தான் வரைபடம். பிரவுன் என்றால் சாவி இல்லாமலேயே எப்போதும் கரன்ட் இருக்கும். வெள்ளை, சாவி போட்டால் மட்டும். பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் வழியாக வருவது. பர்ப்பிள், ஃபியூஸ் வழியாக எப்போதும் வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கறுப்பு எர்த். பச்சையாக ஆரம்பித்த வயர் பாதி வழியில் மஞ்சளாக மாறுதா? அங்கே யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். முதலில் அந்த இடத்தைப் பிரிங்க.

லூகாஸை 'இருளின் இளவரசன்' என்று கிண்டலடிப்பது உலகம் முழுக்க உண்டு. ஆனால், பிரித்துப் பார்த்தால் பல நேரம் குற்றவாளி துருப்பிடித்த எர்த் போல்ட்டாகத்தான் இருக்கும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

1. முதலில் மொபைலில் போட்டோ எடுங்க. பிறகு பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்க. பிளஸ், மைனஸ் இரண்டில் எது எர்த் என்று பார்ப்பது முக்கியம். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பிளஸ்தான் எர்த். அதைக் கவனிக்காமல் போன் சார்ஜரோ ஸ்டீரியோவோ மாட்டினால் புகைதான் வரும்.

2. பேட்டரியை மல்ட்டிமீட்டரில் பாருங்க. இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட். ஆல்டர்னேட்டர் உள்ள கார் ஓடும்போது சுமார் 14 வோல்ட். இது சரியாக இருந்தால் பேட்டரியை மாற்றும் செலவு மிச்சம்.

3. லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை லைட்டின் எர்த் வயரிலும், மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வைங்க. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, திரும்ப முடுக்குங்க. பாதிப் பிரச்னை இங்கேயே முடிஞ்சிடும்.

4. ஃபியூஸ் பெட்டியில் சிகரெட் பேப்பரின் வெள்ளித்தாளோ, செம்புக் கம்பியோ இருந்தால் உடனே எடுத்துப் போடுங்க. இன்னொரு விஷயம், பழைய லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால், அது எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்பியர்தான். புது பாணி ஃபியூஸில் 35 வாங்கி மாட்டினால், ஃபியூஸுக்கு முன்னாடி வயர் எரியும்.

5. ஃபியூஸ் அடிக்கடி போகுதா? அந்த இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்க. அந்த சர்க்யூட்டில் எல்லாவற்றையும் ஆஃப் செய்த பிறகும் பல்பு பளிச்சென்று எரிந்தால், எங்கேயோ ஷார்ட். வயர் கட்டை ஒவ்வொரு இடமாக அசைச்சுக்கிட்டே வாங்க. பல்பு அணையும் இடம்தான் நீங்க தேடும் இடம்.

6. ஜாயின்ட் போட, சரியான கிரிம்பிங் டூலும் மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவும் போதும். அதே தடிமன், முடிந்தால் அதே கலர் வயர். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டால் அதிக கரன்ட் சுவிட்ச் வழியாகப் போகாது. ஃபியூஸும் சேர்த்துப் போட்டுடலாம்.

முழு வயரிங்கையும் மாற்றணுமா?

வயரை லேசாக வளைத்துப் பாருங்க. மேல் தோல் அப்பளம் மாதிரி நொறுங்கினால் மாற்றித்தான் ஆகணும். எலி கடித்து நாலைந்து இடத்தில் செம்பு தெரிந்தாலும் அப்படியே. மற்றபடி, ஒவ்வொரு சர்க்யூட்டாகச் சரிசெய்வதே பர்ஸுக்கு நல்லது.

ஒரிஜினாலிட்டி போயிடுமோ என்ற பயம் வேண்டாம். 50 வருஷத்தைத் தாண்டிய கார்களுக்கு 'விஏ' வரிசையில் வின்டேஜ் பதிவு எண் தரும் மத்திய அரசின் 2021 விதி, சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றின் மாற்றங்களைத்தான் பெரிய மாற்றமாகப் பார்க்கிறது.

கடைசியா ஒண்ணு. நீங்க செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு பேப்பரில் எழுதி, கிளவ் பாக்ஸில் வைங்க. எந்தக் கலர் வயர், எங்கிருந்து எங்கே, எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று எழுதினால் போதும். அடுத்து அந்த பானெட்டைத் திறக்கிறவர் உங்களைத் திட்ட மாட்டார்.