முழங்கால் வலியும் மிதிவண்டியின் பற்சக்கரமும்

முழங்காலின் முன்புறம் வலிக்கிறது என்று எமது மூட்டுச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரிடம், மிதிவண்டி ஓட்டும் வழக்கம் உண்டா என்று நாங்கள் கேட்பதுண்டு. உண்டு என்றால், வண்டியின் பற்சக்கரங்களில் எத்தனை பற்கள் என்றும் கேட்கிறோம். பலர் வியப்படைகின்றனர்.

புதுச்சேரி சமதளம். கடற்கரைச் சாலையில் எந்தக் கியரிலும் ஓட்டலாம். பைகளைக் கட்டிக்கொண்டு, எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்குப் புறப்படும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

முன் பற்சக்கரத்தில் 34 பற்களும், பின்னுள்ள கேசட்டின் பெரிய வில்லையில் 28 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதியை ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 2.55 மீட்டர் நகரும். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் நிமிடத்துக்கு 39 சுற்றுகளே மிதிப்பார். ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் சில்லின் மேல் பேரழுத்தம் விழும். முன்னே 30, பின்னே 36 என்று மாற்றினால், அதே வேகத்தில் 57 சுற்றுகள். ஒரு மிதிக்கான விசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மலை அதே மலைதான்; செய்ய வேண்டிய வேலையும் அதேதான்; சிறு சிறு பங்குகளாகச் செய்கிறோம், அவ்வளவே.

இலகுவான கியரை இளைத்தவர்களுக்கானது என்று எண்ணும் செருக்கு பழையது. பிரான்சில் மிதிவண்டிப் பயணத்தைப் பரப்பிய போல் தெ விவி (1853–1930) பல கியர்களுக்காக வாதாடியவர். ஆயினும் டூர் டி பிரான்ஸ் போட்டியில் 1937 வரை கியர் மாற்றிக்கு இடமில்லை.

சுமையுடன் பயணிப்போருக்கு முன்னே 46, 30; பின்னே 11 முதல் 36 வரை என்னும் அமைப்பை நாங்கள் பரிந்துரைப்போம். வாங்குமுன், பின் கியர் மாற்றி 36 பற்களையும் மொத்தப் பல் வேறுபாட்டையும் (இங்கு 41) தாங்குமா என்று பழுதுபார்ப்பவரிடம் கேளுங்கள். சங்கிலியின் நீளமும் மாறலாம்.

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டோர் பொறுக்க வேண்டும். மிதியை முழுச் சுற்றுச் சுற்ற முழங்கால் ஏறத்தாழ 110 பாகை மடங்க வேண்டும். இயன்முறை மருத்துவர் அளந்து சொன்ன பிறகே சாலைக்குச் செல்லுங்கள். இதய நோயாளிகளும், மூச்சை அடக்கிக் கடும் கியரில் அழுத்தினால் இரத்த அழுத்தம் சட்டென உயரும் என்பதை அறிந்திருத்தல் நன்று. இலகுவான கியரிலும் வலி நீடித்தால், இருக்கை தாழ்ந்துள்ளதா எனப் பாருங்கள். மூட்டு வீங்கினால் வண்டியை நிறுத்திவிட்டு எம்மிடம் வாருங்கள்.