தில்லிக் குளிரை நம்பிப் பூக்கும் அனிமோன்

புதுதில்லி: நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடரும் தலைநகரின் மலர்ப் பருவமும் ஏறக்குறைய ஒரே வேளையில்தான் வருகின்றன. பிப்ரவரி கடைசி நாளில் தாக்கலாகி வந்த பட்ஜெட் 2017 முதல் பிப்ரவரி 1-ம் தேதிக்கு வந்துவிட்டது. மலர்களோ முன்னதாகவே விடைபெறத் தொடங்கியுள்ளன. அனிமோன் வளர்ப்போருக்கு இது நன்கு தெரியும்.

மத்தியதரைக் கடல் நாடுகளைத் தாயகமாகக் கொண்ட இம்மலர் சிவப்பு, ஊதா, வெள்ளை நிறங்களில், கரிய நடுப்பகுதியுடன் பூக்கும். குளிர்ந்த இரவும் இளவெயிலும் இதற்கு வேண்டும். சென்னையில் முயல்வது வீண். தில்லியின் குளிர்காலமோ மிகப் பொருத்தம்.

இதன் கிழங்கு சுக்குத் துண்டைப் போலக் கறுத்துச் சுருங்கியிருக்கும். எது மேற்புறம், எது அடிப்புறம் என்று தெரியாது. தலைகீழாக நட்டுவிட்டோமோ என்ற ஐயத்தில், பத்து நாள் கழித்துத் தோண்டிப் பார்த்து, வேர்விட்ட கிழங்கை இந்நிருபர் உடைத்ததும் உண்டு. பக்கவாட்டில் கிடத்தினால் போதும். முளை தானே வழி கண்டுகொள்ளும். சில மணி நேரம் நீரில் ஊறவைத்து, மணல் கலந்த மண்ணில் 5 செ.மீ. ஆழத்தில் நட வேண்டும். துளிர்க்கும் வரை ஈரம் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். கிழங்குகள் வறட்சியால் மடிவதைவிட, அக்கறை மிகுந்து ஊற்றும் தண்ணீரில் அழுகுவதே அதிகம்.

பிப்ரவரியில் மலரும் செடி, வெயில் ஏறியதும் இலை மஞ்சளாகி உறங்கப் போய்விடும். நாட்டின் சராசரி அதிகபட்ச வெப்பநிலையில், 1901-க்குப் பிந்தைய மிக வெப்பமான பிப்ரவரியாக 2023-ம் ஆண்டு பிப்ரவரி பதிவானது. கோதுமைப் பயிரில் வெப்பத்தின் தாக்கத்தைக் கண்காணிக்க அம்மாதமே மத்திய அரசு குழு அமைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் வெப்பம் கோதுமை மணிகளைச் சுருங்கச் செய்ததும், 2022 மே மாதம் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். பூந்தொட்டியில் வாடுவதற்கும் வயலில் சுருங்குவதற்கும் காரணம் ஒன்றே.

முன்கூட்டியே நட்டால் என்ன என்று கேட்கலாம். பஞ்சாப், ஹரியாணாவில் நெல் அறுவடை முடியாமல் கோதுமை விதைக்க இயலாது. தில்லியில் அக்டோபர் வெயில் தணியாமல் அனிமோன் நட இயலாது, சூடான மண்ணில் கிழங்கு அழுகிவிடும். தொடக்கத்தை முன்னே நகர்த்த வழியில்லை, முடிவோ முன்னே வருகிறது. இடையில் இருப்பது சில வாரங்களே.

எனவே பிப்ரவரி பாதியிலேயே தொட்டிகளைப் பிற்பகல் நிழலுக்கு மாற்றி, மண்மேல் சருகு பரப்புகின்றனர் தில்லிவாசிகள். இலை முற்றிலும் காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி எடுத்து, பருவமழை ஈரம் படாமல் காகிதப் பையில் வைத்தால் அடுத்த அக்டோபரில் மீண்டும் நடலாம். அதிலும் ஒரு பகுதிதான் முளைக்கும்.