டொரொண்டோவின் இணைய வேகம்: தடை எங்கே இருக்கிறது?

கனடாவின் மிகப் பெரிய நகரான டொரொண்டோவில், நொடிக்கு ஆயிரம் மெகாபிட்டைத் தாண்டிய வேகங்களில் வீட்டு இணைய இணைப்புகள் விற்கப்படுகின்றன. ஆனால், 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான ஓர் ஆய்வு வேறொரு சித்திரத்தைத் தந்தது. நகரின் 98 சதவீத வீடுகளில் இணைய இணைப்பு இருந்தபோதிலும், 38 சதவீத வீடுகளில் பதிவிறக்க வேகம் 50 மெகாபிட்டுக்கும் குறைவாகவே இருந்தது என்று அது கூறியது. குறைந்த வருமானம் உள்ள வீடுகளில் ஏறத்தாழப் பாதி இந்த நிலையில் இருந்தன.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான சி.ஆர்.டி.சி., பதிவிறக்கத்துக்கு 50 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 10 மெகாபிட் என்பதைக் கனேடியர் அனைவருக்கும் கிட்ட வேண்டிய அடிப்படைச் சேவையாக 2016 டிசம்பரில் வகுத்திருந்தது.

இணையத் தரவு ஒரு வீட்டை அடைவதற்குப் பல கட்டங்களைக் கடக்கிறது. தொலைவிலுள்ள கணினி, கடலடி வடங்கள், நகரின் இணைப்பு மையம், தெருவிலுள்ள வடம், வீட்டுக்குள் இயங்கும் வைஃபை என அந்தப் பாதை நீள்கிறது. இவற்றில் எது மிகக் குறுகியதோ, அதுவே வேகத்தைத் தீர்மானிக்கிறது. கூடுதல் கட்டணம் செலுத்தி அதிவேகத் திட்டத்துக்கு மாறும் குடும்பம், பெரும்பாலும் இவற்றில் ஒரேயொரு கட்டத்தை மட்டுமே அகலப்படுத்துகிறது.

தெருவிலிருந்து வாசல் வரை

பழைய தொலைபேசிச் செப்புக் கம்பியில் தூரம் கூடக்கூட சமிக்ஞை வலுவிழக்கும். இணைப்பகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டுக்கு வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

கேபிள் தொலைக்காட்சி வடத்தில் வரும் இணையத்தின் சிக்கல் வேறு. ஒரு பகுதியின் நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே வடத்தின் கொள்ளளவைப் பகிர்ந்துகொள்வதால், மாலை நேரத்தில் நெரிசல் ஏற்படக்கூடும். மேலும், வீடுகளுக்குப் படங்களை அனுப்புவதற்கென்றே உருவான கட்டமைப்பு என்பதால், எதிர்த்திசையில் அனுப்புவதற்கு அதில் மிகக் குறைந்த இடமே ஒதுக்கப்பட்டிருந்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளி வகுப்புகளும் அலுவலகக் கூட்டங்களும் வீட்டுக்குள் வந்தபோது, பலரும் இந்தப் பதிவேற்றக் குறைபாட்டை முதன்முறையாக உணர்ந்தனர்.

கண்ணாடி இழை வடத்தில் இந்தத் தடைகள் பெருமளவு நீங்குகின்றன. டொரொண்டோவில் இதற்காக 115 கோடி டாலர் முதலீடு செய்வதாக பெல் நிறுவனம் 2017இல் அறிவித்தது. ஆயினும், கண்ணாடி இழையும் தனியுடைமை அல்ல. பரவலாகப் பயன்படும் ஒரு தொழில்நுட்பத்தில், சுமார் 2,500 மெகாபிட் கொள்ளளவை 32 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. புதிய தொழில்நுட்பம் இதனை இரு திசைகளிலும் 10,000 மெகாபிட்டாக உயர்த்துகிறது. எல்லா வீடுகளும் ஒரே கணத்தில் முழு வேகத்தைக் கோருவது அரிது என்பதால், இங்கு நெரிசல் குறைவு.

சுவர்களுக்குள்

கண்ணாடி இழை வாசலை எட்டிய பின்னர், தடை வீட்டுக்குள் இடம்பெயர்ந்துவிடுகிறது. ஸ்காபரோ போன்ற பகுதிகளின் அடுக்குமாடிக் கட்டடங்களில் அருகருகே பல வைஃபை கருவிகள் இயங்குகின்றன. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்று மட்டுமே உள்ளன. அண்டை வீட்டுக் கருவி பேசி முடிக்கும்வரை இந்த வீட்டுக் கருவி காத்திருக்க நேரிடுகிறது.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் அதிகம் என்றாலும், கான்கிரீட் சுவர்களை ஊடுருவும் ஆற்றல் குறைவு. 2021 மே மாதத்தில் கனேடிய அரசு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. எனினும், அதற்கு ஏற்ற புதிய கருவிகள் தேவை.

கணினியை ரவுட்டருடன் கம்பி வழியாக இணைத்து வேகத்தை அளந்தால், குறை எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கம்பியில் முழு வேகமும் வைஃபையில் குறைந்த வேகமும் கிடைக்குமானால், திட்டத்தை உயர்த்துவதால் பயனில்லை.

காற்றில் வரும் இணையம்

கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியே வரும் இணைப்பில், கோபுரத்தின் ஒரு பக்கத்திலுள்ள பயனாளர் அனைவரும் ஒரே அலைவரிசையைப் பங்கிடுகின்றனர். அலைவரிசையின் அகலமும், இரைச்சலை விஞ்சும் சமிக்ஞையின் வலுவுமே கொள்ளளவின் எல்லையை வகுக்கின்றன என்பதைக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இலேயே நிறுவினார்.

600 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் சுவர்களைக் கடக்கும். ஆனால் அவற்றின் அகலம் குறைவு. 3,500 மெகாஹெர்ட்ஸில் அகலம் உண்டு, எட்டும் தூரம் குறைவு. 2021இல் இந்த அலைவரிசைக்காக நிறுவனங்கள் ஏலத்தில் செலுத்திய தொகை ஏறத்தாழ 890 கோடி டாலர் என்பது குறிப்பிடத்தக்கது.

தூரத்தின் விதி

டொரொண்டோவுக்கும் கொழும்புக்கும் இடையே நேர்தூரமே சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் பயணிக்கிறது. ஆகவே, ஒரு சொல் போய் மறுமொழி திரும்புவதற்குக் குறைந்தது 0.14 நொடி ஆகும். வடங்கள் சுற்றிச் செல்வதால் உண்மையில் இது இன்னும் கூடும். யாழ்ப்பாணத்திலுள்ள உறவினருடன் காணொளியில் பேசும்போது நேரும் இந்தத் தாமதத்தை எந்தத் திட்டமும் போக்காது. அங்கிருந்து வரும் படத்தின் தெளிவும், அங்குள்ள தொலைபேசியின் பதிவேற்ற வேகத்தையே சார்ந்தது.

யாருடைய வடம்?

இயற்கையின் எல்லைகள் ஒருபுறமிருக்க, உரிமை சார்ந்த எல்லைகளும் உள்ளன. 2022 ஜூலை 8ஆம் தேதி ரோஜர்ஸ் நிறுவனத்தின் மைய வலையமைப்பு செயலிழந்தபோது, ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். வீட்டு இணையமும் கைத்தொலைபேசியும் ஒரே மையத்தைச் சார்ந்திருந்ததால், இரண்டும் ஒருசேர முடங்கின.

2023 நவம்பரில் சி.ஆர்.டி.சி., பெரிய தொலைபேசி நிறுவனங்கள் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் தமது கண்ணாடி இழைகளைப் போட்டியாளர்களுக்குக் கட்டணத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. இதையடுத்து, 100 கோடி டாலருக்கும் அதிகமான முதலீட்டைக் குறைப்பதாக பெல் அறிவித்தது. 2024 ஆகஸ்டில் இந்த ஏற்பாடு நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவையும் அதை மாற்ற மறுத்தது.

வடங்களைப் பகிர வேண்டுமென்றால் புதிதாக அமைக்க ஊக்கம் இராது என்பது பெருநிறுவனங்களின் வாதம். போட்டி இல்லாவிடில் கட்டணம் குறையாது என்பது மறுதரப்பின் வாதம். குறைந்த வருமானம் உள்ள வீடுகளைப் பொறுத்தவரை, வாசல்வரை வந்துவிட்ட கண்ணாடி இழை உள்ளே வருமா என்பதைத் தீர்மானிப்பது ஒளியின் வேகமோ அலைவரிசையின் அகலமோ அல்ல. மாதக் கட்டணமே அதைத் தீர்மானிக்கிறது.